அப்பாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. 12 வருடமாகச் சர்க்கரை நோய். அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், புது மாத்திரை ஒன்றின் கிளினிக்கல் ட்ரயலில் சேரச் சொல்கிறார். அவர் சொன்னால் அப்பா மறுக்க மாட்டார். எங்களுக்குத்தான் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயம். சேர்ந்தவர்களுக்கு அனுபவம் எப்படி இருக்கிறது, டாக்டர்? - வாசகி, கரூர்

பதில்: உங்கள் பயத்தைவிட 'அவர் சொன்னால் அப்பா மறுக்க மாட்டார்' என்ற வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேண்டாம் என்றால் டாக்டர் மனம் கோணுவாரோ, நாளைக்குச் சரியாகப் பார்க்க மாட்டாரோ என்று நினைத்தே கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். அப்படிச் சேர்ந்தவருக்குக் கடைசி வரை நிம்மதி இருக்காது. அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: சேராமல் இருக்கலாம், சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை அதனால் குறையக் கூடாது. விவரத்தாள் அவருக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கி வந்து எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் போட வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் பலர் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. பெரும்பாலான ட்ரயல்களில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து அல்லது மருந்தே இல்லாத டம்மி மாத்திரை என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். பல ட்ரயல்களில் டாக்டருக்கே அது தெரியாது, அவசரம் என்றால் மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். 'எனக்கு எது நல்லதோ அதைத்தான் டாக்டர் தருவார்' என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர் பின்னால் இதைக் கேள்விப்படும்போது ஏமாற்றிவிட்டதாகவே நினைக்கிறார். முதல் நாளே பொறுமையாகச் சொல்லிக் கேட்டவர் அப்படி நினைப்பதில்லை.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த ட்ரயலில் வேலை பார்த்தேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் விடிகாலை பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ட்ரயல் முடிந்தது, மாத்திரையை நிறுத்தினோம். 'நான் சாப்பிட்டது மருந்துதானா சார்?' என்று கேட்டார். அன்றைக்கு எனக்கே தெரியாது. தெரிய வந்தபோது அவரைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இன்று வரை அது மனதை அரிக்கிறது. அதனால் சேரும்போதே கேளுங்கள்: முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, முடிந்த பிறகு அப்பாவுக்கு எந்த மருந்து, அதை யார் தருவார்கள்?

எலி என்ற பயத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். விவரம் சொல்லாமல் ஏழைகளைச் சேர்த்ததாக வந்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், அதன் பிறகுதான் விதிகள் இறுகின. இப்போது நடப்பில் இருப்பவை 2019ஆம் ஆண்டு விதிகள். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை, நஷ்ட ஈடு இரண்டும் உண்டு. பெரிய பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். ட்ரயல், சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி ஆஸ்பத்திரியில் சிகிச்சை, மற்றவர்களுக்கு வீட்டிலேயே. நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். காசநோய்க்காரரைக் குடும்பத்தை விட்டுப் பிரிக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியது அவர்கள்தான்.

அப்புறம், உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது போனை. ராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால் யாரைக் கூப்பிடுவது, எடுப்பார்களா? ஆய்வில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டரின் நம்பருக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆய்வில் இருந்தவர்களைக் கேட்டால் மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள், 'அந்தப் பொண்ணு போன் பண்ணி விசாரிக்கும்' என்பார்கள், இல்லை 'மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள்' என்பார்கள். பஸ் செலவு தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் கைக்காசைப் போட்டு வந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.