தாடை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

தாடை எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தும் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் எப்படித் தேறுவது என்று காரைக்குடிப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. முக அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): சிஸ்டர், மகனுக்கு மேல் தாடை, கீழ் தாடை இரண்டிலும் ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாச்சு. ஏன்தான் செய்துகொண்டேனோ என்று அழுகிறான். ஏதாவது தப்பாகிவிட்டதா?

பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது ஆச்சி. முதல் சில வாரங்களில் இந்த அழுகை நிறையப் பேருக்கு வரும். மயக்க மருந்தின் அசதி, சரியான தூக்கம் இல்லை, வயிறு நிறையவில்லை, வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் நின்றிருக்கும். எல்லாம் சேர்ந்து மனசை இறக்கிவிடும். போதாததற்குக் கண்ணாடியில் தெரிவது அவனுக்கே பழகாத முகம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். மிச்சம் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இப்போதைய முகத்தை வைத்து யாரும் எதுவும் முடிவு செய்யக் கூடாது, அவனும்தான்.

பார்க்க வருகிறவர்களை வீட்டு முகப்பிலேயே பேசி அனுப்பிவிடுங்கள். "ஆளே அடையாளம் தெரியலையேப்பா" என்று அன்பாகச் சொன்னாலும் அது அவனைத் தைக்கும். திருப்பிப் பேசவும் அவனால் முடியாது. எழுதிக் காட்ட ஒரு நோட்டு கொடுங்கள். வெயில் தாழ்ந்ததும் தெருவில் கொஞ்சம் நடக்கட்டும். வாரங்கள் போயும் மனசு தெளியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிர் மேல் வெறுப்பாகப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி (காரைக்குடி): வீட்டுக்காரருக்குக் கஞ்சி அலுத்துவிட்டது. எடையும் குறைகிறது. வேறு என்ன கொடுப்பது?

எலும்பு கூடச் சுமார் ஆறு வாரம் ஆகும். டாக்டர் சொல்லும்வரை மெல்லுகிற வேலையே கூடாது. சில கிலோ குறைவது வழக்கம்தான், ஆனால் சத்து குறையக் கூடாது. கும்மாயத்தைப் பாலில் தளரக் கரைத்துக் கொடுங்கள்; உளுந்து, கருப்பட்டி, நெய் எல்லாம் இருப்பதால் கொஞ்சம் குடித்தாலே தெம்பு வரும். கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து, பால் சேர்த்து அரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். அதன் தோல் தையலில் போய் ஒட்டிக்கொள்ளும். நாட்டுக்கோழிச் சாறு தரலாம், மிளகும் மிளகாயும் இல்லாமல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அரை டம்ளர் போதும். ஸ்ட்ரா வேண்டாம். ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரால் மெதுவாக வாய் கொப்பளிக்க வேண்டும்.

கேள்வி (பள்ளத்தூர்): கீழ் உதடும் மோவாயும் மரத்தே இருக்கிறது அக்கா. உணர்ச்சி திரும்புமா?

கீழ் தாடை எலும்புக்குள்ளேயே ஓடும் நரம்பு ஆபரேஷனில் இழுபடுவதால் வருவது இது. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. சுருக் சுருக்கென்று குத்தினாலோ ஊறினாலோ அநேகமாக நரம்பு விழிக்கிறது என்று அர்த்தம். அதுவரை குடிக்கிற எதையும் கையில் தொட்டுச் சூடு பாருங்கள், உதடு வெந்தாலும் தெரியாது.

கேள்வி (கானாடுகாத்தான்): மூக்கு அடைத்துக்கொள்கிறது. சிந்தலாமா?

மேல் தாடை ஆபரேஷன் என்றால் முதல் இரண்டு வாரமாவது சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் முடிந்தவரை வாயைத் திறந்து தும்முங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். வடிந்த வீக்கம் மறுபடி ஏறினாலோ, காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம் வந்தாலோ, பல் கடி திடீரென்று மாறினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி (புதுவயல்): நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். அப்புறம் மலேசியா போகிறேன். உள்ளே வைத்த டைட்டானியம் பிளேட்டால் தொந்தரவு வருமா?

பிளேட் வழக்கமாக அப்படியே இருக்கும், தொந்தரவு கொடுத்தால்தான் எடுப்பார்கள். விமான நிலையச் சோதனையிலும் பெரும்பாலும் சிக்கல் வராது. திருமணத்துக்குள் முகம் நன்றாகத் தெளிந்திருக்கும் தம்பி. பல் கம்பி மட்டும் போட்டோவில் தெரியலாம். அது இருக்கும்வரை பந்தியில் சீப்புச் சீடை, தேன்குழல் பக்கம் போகாதீர்கள்; பால் பணியாரம் தாராளமாகச் சாப்பிடலாம்.