ஹான் எப்படித் திரும்ப வந்தார்?

வணக்கம். ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் என்ற ஹாலிவுட் கார் பந்தயப் படத்தொடரின் 3ஆம் படத்தில் இறந்த ஹான் என்ற பாத்திரம், 4இல் உயிரோடு வருவதைப் பார்த்துக் குழம்பியதாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. 2006இல் வந்த அந்த 3ஆம் படமான டோக்கியோ ட்ரிஃப்ட்டின் கதை, 2013இல் வந்த 6ஆம் படத்துக்குப் பிறகு நடப்பது. அதனால் அடுத்து 4, 5, 6 என்று பாருங்கள். 6இன் முடிவில் ஹான் இறந்த அதே டோக்கியோ விபத்து மறுபடி வரும், யார் மோதியது என்று அங்கே தெரியும். அதன்பின் நேராக 7க்குப் போகலாம். மீதியை இங்கே சொன்னால் சுவை கெட்டுவிடும்.

அப்புறம் நீங்கள் கேட்ட, டோக்கியோ ட்ரிஃப்ட்டில் ஹான் ஓட்டும் அந்த ஆரஞ்சு-கறுப்பு கார். அது மாஸ்டா ஆர்எக்ஸ்-7, வெயில்சைட் நிறுவனத்தின் ஃபார்ச்சூன் பாடி கிட் (காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் பாகங்களின் தொகுப்பு) போட்டது. முன்முகம், பக்கங்கள், பின்பக்கம் எல்லாமே அகலமாகி உருமாறியதால்தான் உங்களுக்கு என்ன கார் என்றே பிடிபடவில்லை. முழுத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த கார் அதுதான். அதே படத்தின் கடைசிப் பந்தயத்தில் நாயகன் ஷான் ஓட்டும் பழைய மஸ்டாங்கையும் கவனியுங்கள்: அமெரிக்க உடலுக்குள் நிசானின் ஆர்பி26 எஞ்சின்! டோக்கியோ ட்ரிஃப்ட்டை 6க்குப் பிறகு இன்னொருமுறை பாருங்கள், ஹான் பேசும் ஒவ்வொரு வரியும் வேறு கனத்தோடு கேட்கும்.