எரிசக்தி கொள்கையால ஒரு நகரம் நிஜமா மாறுமா?

அரசாங்கம் கொள்கைன்னு பேப்பர்ல எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டிருக்கீங்க. ஆகும்ங்க, டென்மார்க்கோட தலைநகரம் கோபன்ஹேகனைப் பாருங்க. 1973ல எண்ணெய் விலை எகிறினப்ப டென்மார்க் பயன்படுத்தின எரிசக்தில 90 சதவீதம் போல இறக்குமதி எண்ணெய்தான், அந்தக் குளிர்ல வீட்டை சூடாக்கவே திண்டாடிட்டாங்க. அதனால 1979ல வெப்ப விநியோகத்துக்குன்னே தனி சட்டம் போட்டு, எந்த ஏரியாவுக்கு எப்படி ஹீட்டிங்னு நகராட்சியே பிளான் பண்ணணும்னு ஆக்கினாங்க, அப்புறம் சுடுதண்ணி வர்ற பொதுக் குழாய்ல கட்டடங்களை கட்டாயமா சேரச் சொல்லவும் அதிகாரம் வந்துச்சு. எனக்கு இதுதான் முக்கியமா படுது, ஏன்னா அவங்கவங்க இஷ்டம்னு விட்டிருந்தா குழாய் போட்ட செலவே தேறியிருக்காது.

கரண்ட் தயாரிக்கிற பிளான்ட்ல வீணாப் போற சூடு இருக்குல்ல, நாம கூலிங் டவர் வழியா வானத்துல விடுறோமே அதேதான், அதை தண்ணில ஏத்தி ரோட்டுக்கு அடியில இன்சுலேஷன் சுத்தின குழாய்ல அனுப்புறாங்க. கட்டடத்தோட அடித்தளத்துல அந்தத் தண்ணியோட சூட்டை வீட்டுக் குழாய்க்கு மாத்துற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஒரு மீட்டர், அவ்ளோதான். உள்ள வர்ற குழாய் கொதிக்கும், திரும்பிப் போறது வெதுவெதுன்னு இருக்கும். வீட்டுக்கு வீடு பாய்லர் வேண்டாம், புகைக்கூண்டு வேண்டாம். இப்ப கிட்டத்தட்ட 98 சதவீத கட்டடம் இதுலதான் ஓடுது.

ஆனா 2025க்குள்ள கார்பன் நியூட்ரல், அதாவது நகரம் வெளியிடுற கார்பனும் ஈடுகட்டுறதும் சமம்னு ஆக்குவோம்னு சொன்ன இலக்கை 2022லயே கைவிட்டாங்க, இந்தக் குழாய்க்கு சூடு குடுக்கிற குப்பை எரிக்கிற பிளான்ட்ல புகையோட போற கார்பனைப் பிடிக்கிற திட்டத்துக்கு அரசு நிதி கிடைக்கல. குப்பையோட பிளாஸ்டிக்கும் எரியுறப்ப அந்த சூட்டை முழுசா சுத்தம்னு நான் சொல்லமாட்டேன்.

நமக்கு ஹீட்டிங் தேவையில்லதான், ஆனா குஜராத்ல புதுசா உருவாக்குற கிஃப்ட் சிட்டிங்கிற நிதி நகரத்துல இதே குழாய் ஐடியாவை ஏசிக்கு பண்றாங்க, ஒரே இடத்துல தண்ணிய குளிர வச்சு எல்லா கட்டடத்துக்கும் அனுப்புறது.