பாரிஸில் எந்தப் பயணத்துக்கு எந்த டிக்கெட்?

கேள்வி: மகள் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்கு அவரும் நானும் போகிறோம். எயார்போர்ட்டிலிருந்து ரயிலில் போய்ச் சேரலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்திலேயே, பாரிஸையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.ஈ.ஆர் 'பி' ரயில் புறப்படுகிறது. டிக்கெட் மெஷினின் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை வாங்க வேண்டும், விலை 2 யூரோ. ஆளுக்கொன்று கட்டாயம்; ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. அதில் 'எயார்போர்ட் டிக்கெட்' ஏற்றச் சொல்லுங்கள். 2025இல் அது 13 யூரோ. அதே ஆண்டில் சாதாரண மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோதான், ஆனால் விமான நிலையப் பயணத்துக்கு அது செல்லாது, அபராதம் விழும். ஜனவரியில் விலை ஏறுவது வழக்கம் என்பதால் கொஞ்சம் கூடவே காசு வைத்திருங்கள்.

அடுத்தது வண்டி. 'பி' பாதையில் சில வண்டிகள் இடையில் எங்கும் நிற்காமல் நேரே பாரிஸுக்குள் இருக்கும் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் போய்விடும். உங்கள் ஸ்டேஷன் அதற்கு முன்னாலுள்ள லா கூர்னேவ்–ஓபேர்வில்லியே. அந்தப் பெயர் மேடைப் பலகையில் இருந்தால் மட்டும் ஏறுங்கள். இறங்கியபின் வெளிக்கதவிலும் அட்டையைத் தட்ட வேண்டும், அதுவரை பத்திரம்.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நம் பேராதனைச் சந்தியில் கண்டி, மாத்தளைப் பாதை ஒரு பக்கமும் பதுளைப் பாதை ஒரு பக்கமும் பிரிகிறதல்லவா? அங்கே ஓல்னே-சு-புவாவில் அப்படிப் பிரிகிறது. ஒரு கிளை விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி என்ற ஊருக்கு. மித்ரி வண்டியில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஓல்னேயில் இறங்கி எயார்போர்ட் வண்டிக்கு மாறுங்கள். இதற்காகவே ஒரு மணி நேரம் முன்கூட்டிப் புறப்படுவது நல்லது.

கேள்வி: பெட்டிகள் அதிகம். டாக்சியில் ஏமாற்றுவார்களா? – வாசகர், பண்டாரவளை

பதில்: ஏமாற்றுபவர்கள் வருகை மண்டபத்துக்குள்ளேயே "டாக்சி, டாக்சி" என்று வந்து கூப்பிடுவார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். வெளியே வரிசை இருக்கிறது. கூரை விளக்கு பச்சையென்றால் வண்டி காலி, சிவப்பென்றால் ஆள் இருக்கிறது. சார்ள்ஸ் டி கோலிலிருந்து பாரிஸுக்குச் சட்டப்படி ஒரே கட்டணம்: 2025இல், பாரிஸின் நடுவே ஓடும் சேன் நதியின் வலக்கரைக்கு (வடபக்கம்) 56 யூரோ, இடக்கரைக்கு 65. நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் வலக்கரையில்தான். இது வண்டிக்கான கட்டணம், ஆளுக்கல்ல. நெரிசலில் நின்றாலும், பெட்டி ஏற்றினாலும் கட்டணம் ஏறாது. ஐந்தாவது ஆள் இருந்தால் மட்டும் சிறிது கூடும். ஆனால் பாரிஸ் எல்லைக்கு வெளியேயுள்ள புறநகருக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது, அங்கே மீட்டர்தான். ஏறுமுன்னே முகவரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். வங்கி அட்டையிலும் கட்டலாம்.

கேள்வி: வார பாஸ் லாபமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: என்றைக்குப் போய் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பாஸ் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. திங்கள், செவ்வாயில் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விமான நிலைய ரயிலும் அதற்குள் அடக்கம். 2025இல் 31.60 யூரோ. வெள்ளியன்று இறங்கினால் அந்த வாரத்துக்கு வாங்கவே முடியாது. இதற்கு நவிகோ ஈஸி அல்ல, வேறோர் அட்டை; அதற்குத் தனியாக 5 யூரோவும், 25க்கு 30 மில்லிமீட்டர் படமும் வேண்டும். படத்தை இங்கேயே ஸ்டூடியோவில் எடுத்து, வெட்டிக் கொண்டு போங்கள்.