மிஸ்ஸி அக்கா பதில்கள்: சனிக்கிழமைக் காலை மட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. எடை குறைக்க, ஒன்பது வாரத்துக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆப்ரேஷன் செய்துகொண்டேன். அன்று 118 கிலோ. முதலில் மளமளவென்று இறங்கியது. இப்போது பதினோரு நாளாக 101-ஐ விட்டு அசையவில்லை. காலையில் 100.9, மத்தியானம் 101.6, ராத்திரி 102.2 என்று விளையாட்டுக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஏறிப் பார்க்கிறேன். "வயிற்றையே வெட்டியாச்சு, இன்னுமா குறையல?" என்கிறார் மாமியார். இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடை பார்க்க வேண்டும்?
– ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு

பதில்: தங்கச்சி, இன்றைக்கு ராத்திரியிலிருந்து சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பியுங்கள். எடை மெஷின் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஸ்லீவ் ஆப்ரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் குழாயில் ஒரு வேளைக்கு ஒரு முட்டை, இரண்டு வாய் மீன், அவ்வளவுதான் கொள்ளும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான். ஒரு வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையில் சேர்த்துச் சாப்பிடலாம் என்றால் உள்ளே இடம் கிடையாது. புரதம் பற்றாமல் போனால் உடம்பு தசையில் கை வைக்கும். மூன்றாம் மாதத்துக்குமேல் பலருக்கு முடி வேறு கொட்டும். பட்டினி கிடந்து அதை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டாம்.

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவை. ஏன் என்று சொல்ல என் அப்பாவைக் கூட்டி வர வேண்டும்.

நான் பிறந்தது கெடாவில் ஒரு பால்மரத் தோட்டத்தில். அப்பா பால் வெட்டினார். வெட்டி முடித்து வாளியோடு ஸ்டோருக்கு வந்தால் கிராணி தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவார். அதோடு விடமாட்டார். பாலில் ஒரு மிதவையைப் போட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மழைத்தண்ணீர் கோப்பையில் இறங்கிய அன்று வாளி நன்றாகக் கனக்கும். ஆனால் அப்பா முகம் தொங்கிப்போயிருக்கும். கணக்கு ரப்பருக்குத்தானே, தண்ணீருக்கு யார் காசு தருவார்கள்?

உங்கள் மெஷினிடம் அந்த மிதவை கிடையாது. கொழுப்பு, தசை, குடித்த தண்ணீர், இன்னும் வெளியே போகாத மலம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு நிறுத்துச் சொல்கிறது. காலைக்கும் ராத்திரிக்கும் நடுவில் 1.3 கிலோ ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவும் கொழுப்பாக வேண்டுமென்றால் உடம்பு செலவழிப்பதற்கு மேல் ஏறக்குறைய 10,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு ரொட்டி சானாய் 300 கலோரி என்று வைத்தால் முப்பத்து மூன்று ரொட்டி. ஒரு முட்டைக்கே மூச்சு வாங்கும் வயிறு உங்களுடையது! அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரைக் கிலோ ஏறும், வேறொன்றுமில்லை. உப்புக் கருவாடு, சம்பால் சாப்பிட்ட மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். மலச்சிக்கல் இந்த ஆப்ரேஷன் செய்தவர்களுக்குப் பழகிய தொல்லை. அதுவும் மெஷினில் ஏறும்.

அந்தப் பதினோரு நாள் விஷயம். சிலருக்கு மூன்றாம் வாரத்திலேயே முதல் தேக்கம் வந்துவிடும். உங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வந்திருக்கிறது. உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும், 400, 500 கிராம் இருக்கலாம். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆப்ரேஷன் முடிந்த கையோடு அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போய்விடும். முதல் வாரங்களில் மளமளவென்று இறங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. அப்புறம் சாப்பாடு கொஞ்சம் சீரானதும் சேமிப்பு பாதியாவது திரும்பி வரும், தண்ணீரும் கூடவே வரும். அந்த நாட்களில் கொழுப்பு குறைந்துகொண்டேதான் இருக்கும், மெஷின் மட்டும் சொல்லாது. இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட இப்படி நின்றுவிட்டு ஒரு நாள் காலையில் பொத்தென்று இறங்கும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. 54 வயதில் நானே ஸ்லீவ் செய்துகொண்டேன். முப்பத்தொரு வருஷம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்து எத்தனையோ பேரை மெஷினில் ஏற்றி இறக்கியவள், என் வீட்டு மெஷினிடம் பைத்தியமாக நின்றேன். குளியலறையில் வைத்திருந்தேன். நம் ஊர்க் குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தானே இருக்கும். கதவோரம் ஒரு எண், வாளி பக்கத்தில் ஒரு எண், சாக்கடைத் துளை அருகே ஒரு எண். மூன்றிலும் ஏறிப் பார்த்துக் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள்.

அப்புறம் மெஷினை ஹாலில் சமமான தரை ஓட்டின்மேல் வைத்து, ஓட்டின் மூலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். சனிக்கிழமைக் காலை எழுந்து, கழிப்பறை போய்விட்டு, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல், அதே பழைய கைலியோடு ஏறுவேன். நகைக்கடையில் கொடுத்த காலண்டரில் அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில், ராகு காலத்துக்குக் கீழே, நீல மையில் எண்ணை எழுதிவிட்டு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். போன வாரத்து எண்ணோடு ஒப்பிடவே மாட்டேன். தாளைப் புரட்டி நான்கு வாரத்துக்கு முந்தைய எண்ணைத்தான் பார்ப்பேன். மாதவிடாய் உள்ளவர்களுக்கு அந்த நான்கு வாரக் கணக்கு இன்னும் சரியாக வரும், ஒரே மாதிரி நாட்கள் எதிரெதிரே வந்துவிடும்.

மெஷினைத் தொடாத ஆறு நாளுக்கும் வேலை இருக்கிறது. தண்ணீர் ஒன்றரை லிட்டர் போனதா, புரதம் எவ்வளவு, வைட்டமின் போட்டாயிற்றா, எவ்வளவு நடந்தோம் என்று எழுதுங்கள். இவை நம் கையில் இருப்பவை. மாதம் ஒரு தடவை இடுப்பை டேப்பில் அளந்து வையுங்கள்.

வாந்தி நிற்காமல் வந்தாலோ தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றாலோ சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி1 வறண்டு, கால் மரத்துப்போவதும் பார்வை இரண்டிரண்டாகத் தெரிவதும் உண்டு. அது எடை குறைகிற சந்தோஷத்தில் கவனிக்காமல் விடக்கூடிய விஷயமே இல்லை.

மாமியாருக்கு ஒரு வழி சொல்கிறேன். மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய் 10 கிலோ அரிசிப் பை ஒன்று, 5 கிலோ பை ஒன்று, சீனி இரண்டு பாக்கெட் எடுத்து, "அத்தை, இதைக் கொஞ்சம் கார்வரைக்கும் தூக்கிட்டு வாங்களேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் இறக்கி வைத்த 17 கிலோ அதுதான்.

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருஷத்துக்கு முன் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தார்கள். 132 கிலோவிலிருந்து 84-க்கு வந்தேன். அப்புறம் எதற்கு மெஷின் என்று அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். எடை பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கால்சட்டை இறுக்குகிறது. இரண்டு அப்பாயின்ட்மென்டுக்குப் போகவில்லை. டாக்டர் திட்டுவார் என்று பயமாக இருக்கிறது.
– செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, ஜெலுத்தோங் தங்கச்சிக்கு எழுதியதில் ஒரு பாதியை மறைத்துவிட்டேன், அது உங்களுக்காக வைத்தது. காலண்டர், நீல மை, எல்லாம் இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. 96-லிருந்து 67-க்கு வந்தேன். அப்புறம் நானும் உங்களைப்போல, "ஜெயித்தாச்சு" என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், தைத்து ஒரு வருஷம் ஆன ரவிக்கையின் கொக்கி மாட்டவில்லை. வீட்டில் எல்லாரும் மருதாணி வைத்துக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து அந்த மெஷினை இழுத்தேன். மேலே ஒரு விரல் தூசி. 73.4.

என்ன தின்றேன் என்று யோசித்தால் சோறு இல்லை, கறி இல்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு தே தாரிக், கூட நாலு முறுக்கு. கோழித் துண்டைத் தின்றால் அது சிறிய வயிற்றில் உட்கார்ந்து "போதும்" என்று சொல்லும். முறுக்கு மாவாகி, தேநீரோடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைந்த உணர்வே வராது. கெட்டிப் பால் ஊற்றிய தேநீரை ஆப்ரேஷன் தடுக்காது. சாப்பாட்டோடு குடிக்காதே, அரை மணி நேரம் விடு என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்!

பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எடை அதன் ஆகக் குறைந்த இடத்துக்கு வரும். அதற்குப் பின் கொஞ்சம் திரும்புவது பெரும்பாலோருக்கு உண்டு. உங்களுக்கு வந்தது அவமானமில்லை. ஆனால் 2 கிலோவில் தெரிந்தால் முறுக்கை நிறுத்தினாலே போதும். 12 கிலோவில் தெரிந்தால் அது வேறு வேலை. அமெரிக்காவில் எடை குறைத்து ஒரு வருஷத்துக்குமேல் காத்துக்கொண்டவர்களுக்காக 1994-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். அதில் பெரும்பாலோர் ஆப்ரேஷன் இல்லாமல் குறைத்தவர்கள். அவர்களிலும் நாலில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். ஆப்ரேஷன் புதிதில் மெஷினைத் தள்ளி வை என்று கத்துகிற நானே, மூன்றாம் வருஷத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். என் கோடு இப்போது 69. அதைத் தாண்டிய வாரம் தே தாரிக் கிடையாது, மாலையில் ஒரு நடை கூடுதல்.

டாக்டர் திட்டுவார் என்ற பயம். முப்பத்தொரு வருஷம் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் சொல்கிறேன்: திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டினால் அடுத்த தடவை வேறு டாக்டரைக் கேட்டு வாங்குங்கள், வராமல் மட்டும் இருக்காதீர்கள். பைபாஸில் குடலின் ஒரு பகுதியைச் சுற்றிக்கொண்டு சாப்பாடு போவதால் இரும்பு, பி12, கால்சியம் சரியாக உறிஞ்சாது. எடை எப்படி இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை வாழ்நாள் முழுக்க உண்டு. இரண்டு அப்பாயின்ட்மென்டை விட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என்னை இங்கே உறுத்துகிறது, கால்சட்டை இல்லை. எடை ஏறியதற்கு வேறு மருந்தோ, ஆப்ரேஷனில் தைத்த சின்ன இரைப்பைப் பையின் வாய் விரிந்ததோ காரணமாக இருந்தால் அதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

எண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லையா? மெஷினில் முதுகைக் காட்டி ஏறி, "மிஸ்ஸி, எழுதிக்கோங்க, எனக்குச் சொல்ல வேணாம்" என்று சொல்லுங்கள். தாராளமாகச் செய்வார்கள், நானே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். பெரும்பாலோர் அறையை விட்டுப் போவதற்குள், "சரி, எவ்வளவுன்னு சொல்லிடுங்க" என்று கேட்டுவிடுவார்கள். மெஷினை அக்காள் மகனிடமிருந்து திரும்ப வாங்கவும் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கிளினிக் மெஷினில் 1.6 கிலோ கூடக் காட்டுகிறது. எது சரி? வீட்டு மெஷின் கொழுப்பு சதவீதமும் காட்டுகிறது, நம்பலாமா?
– பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: கிளினிக்குக்குப் பசியாறிவிட்டு, ஜீன்ஸும் செருப்பும் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதானே போயிருப்பீர்கள்? அதிலேயே கணக்கு முடிந்திருக்கும். வீட்டு எண்ணை வீட்டு எண்ணோடும் கிளினிக் எண்ணைக் கிளினிக் எண்ணோடும் மட்டும் ஒப்பிடுங்கள். கொழுப்பு சதவீதம், கால் வழியாக லேசான மின்சாரத்தை விட்டுப் போடும் கணக்கு. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அது மாறும். நான் பார்ப்பதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது வீட்டில் இருந்தால், அந்த மாதிரி மெஷினில் அவரை ஏற விடாதீர்கள்.