மும்பைக்கு வரும் பெற்றோரை எந்த ஓட்டலுக்கு அழைத்துச் செல்வது?

ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோருக்கு வெளிச் சாப்பாடு எதுவுமே பிடிக்காது, மும்பையில் எங்கே அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகம் யோசிக்காமல், தென்னிந்தியர்கள் நிறைய வாழும் மாட்டுங்கா பகுதிக்குப் போங்கள்.

காலை டிபனுக்கு 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். வாசலில் கூட்டம் நிற்கும், உட்கார இடம் கிடைப்பதற்குள் அப்பாவுக்குப் பசியும் கோபமும் சேர்ந்து வந்துவிடும். வார நாளில் எட்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள்.

மதியம் இலைச் சாப்பாட்டுக்கு, ரயில் நிலையத்தை ஒட்டி 1942 முதல் நடக்கும் ராமநாயக் உடுப்பி. ஆனால் அது மாடியில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் தட்டும். இப்படித்தான் வேறோர் ஓட்டலில் என் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்ன, பாயசத்தையா முதலில் ஊற்றினார்கள்?" என்று இலையைத் தள்ளிவைத்தார். ரசம் வந்த பிறகுதான் இலை மறுபடி அருகே வந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரிய மால்களில் இருக்கும் ஓட்டல்களை விட்டுவிடுங்கள். பாட்டுச் சத்தத்தில் அவர்களுக்குப் பேச்சே காதில் விழாது. விலைப்பட்டியலைப் பார்த்தால் பசியும் போய்விடும்.