ஆன்லைன் கோர்ஸ் ஆசிரியர்களின் கோபத்தைக் குறைக்குமா? பள்ளியிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

கேள்வி: எங்கள் மெட்ரிக் பள்ளியில் 40 ஆசிரியர்கள் இருக்கிறோம். உணர்ச்சிகளைக் கையாளவும் பரிவோடு நடந்துகொள்ளவும் பழக்கும் 8 வார ஆன்லைன் கோர்ஸில் எல்லோரையும் சேர்க்கலாம் என்று தாளாளர் சொல்கிறார். "முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுப்போம், முன்னேற்றத்தை நீங்களே பார்க்கலாம்" என்கிறார்கள் கோர்ஸ் நடத்துபவர்கள். இது போதுமா? - துணை முதல்வர், கோவை

பதில்: போதாது. கோர்ஸ் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வித்தாளை நிரப்பும்போது பொதுத்தேர்வு நெருக்கடி, முடியாத போர்ஷன், பெற்றோர் போன். இரண்டாவதை நிரப்பும்போது லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. கோர்ஸே நடக்காமல் இருந்தாலும் எல்லோரும் சாந்தமாகத்தான் தெரிவார்கள். நடத்துபவர்கள் அந்த வித்தியாசத்தைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் அப்படியே நம்பக்கூடும்.

அதனால் ஒப்பிட ஒரு குழு வேண்டும். 40 பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி 20 பேரை முதல் அணியாகவும் மீதிப் பேரை இரண்டாம் அணியாகவும் பிரியுங்கள். விரும்பியவர்கள் முதலில் வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தானாக முன்வருபவர்கள் ஏற்கெனவே மாறத் தயாராக இருப்பவர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பரிவுப் பயிற்சியை (அது நேரில் நடக்கும் 9 வார வகுப்பு) இப்படித்தான் சோதித்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 60 பேருக்கு உடனே வகுப்பு நடத்தினார்கள், 40 பேரைக் காத்திருக்க வைத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பிறரிடமும் தங்களிடமும் பரிவு கூடியதாகச் சொன்னார்கள்.

'சொன்னார்கள்' என்பதில்தான் சிக்கல். 2018இல் தியானம் வழியாகப் பரிவை வளர்க்கும் இத்தகைய பயிற்சிகளின் ஆய்வுகளைத் திரட்டி அலசிய ஒரு கட்டுரை சங்கடமான விஷயத்தைக் கண்டுபிடித்தது. தியானப் பயிற்சியை நடத்தியவரே ஆய்வறிக்கையை எழுதியவர்களிலும் ஒருவராக இருந்தபோதும், மற்றவர்களைச் சும்மா காத்திருக்க வைத்தபோதும் மட்டுமே பரிவு கூடியதாகத் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதாவது பயிற்சி கொடுத்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் காணவில்லை. ஆக, உங்கள் இரண்டாம் அணியும் அதே 8 வாரமும் அதே அளவு நேரம் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்மார்ட் போர்டு பயன்பாடோ ஸ்போக்கன் இங்கிலீஷோ, எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் அவர்களுக்கும் இந்தக் கோர்ஸைக் கொடுத்துவிடுங்கள், யாருக்கும் மனக்குறை இருக்காது. கேள்வித்தாளைக் கொடுப்பதும் கணக்குப் போடுவதும் கோர்ஸ் விற்பவர்களின் வேலையாக இருக்கக் கூடாது.

எந்தக் கேள்வித்தாள்? உணர்ச்சியைக் கையாள்வதை அளக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜான் இருவரும் 2003இல் வெளியிட்ட 10 கேள்விகளே உங்களுக்குப் போதும். அதில் 6 கேள்விகள் ஒரு நிலைமையை வேறு கோணத்தில் பார்த்து மனதை மாற்றிக்கொள்கிறோமா என்று கேட்கும். 4 கேள்விகள் வந்த உணர்ச்சியை வெளியே காட்டாமல் அமுக்குகிறோமா என்று கேட்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். மூன்றாவது நாளாக நோட்டு கொண்டுவராத பையனைப் பார்த்து "வீட்டில் ஏதோ பிரச்சினை போல" என்று நினைக்கும் ஆசிரியரும், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் ஆசிரியரும் வெளியே ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பல்லைக் கடித்தவர் மதியம் ஸ்டாஃப் ரூமில் வெடிப்பார். நல்ல கோர்ஸ் என்றால் முதல் வகை மதிப்பெண் ஏற வேண்டும், இரண்டாவது ஏறக் கூடாது.

பரிவைக் கேள்வித்தாளில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். நான் பரிவுள்ளவன் இல்லை என்று யார் டிக் அடிப்பார்? 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. ஒரு குழு 3 வாரம் ஹெட்ஸ்பேஸ் என்ற தியானச் செயலியைப் பயன்படுத்தியது, இன்னொரு குழு மூளைப் பயிற்சிச் செயலியை. கடைசியில் ஒவ்வொருவரையும் சோதனைக்கு என்று வரச்சொன்னார்கள். காத்திருக்கும் அறையில் மிச்சம் இருந்தது ஒரே நாற்காலி. அவர் அதில் உட்கார்ந்த பிறகு ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முகம் சுளித்தபடி வருவார். பக்கத்தில் இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை, அவர்கள் எல்லாம் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள். தியானக் குழுவில் 37 சதவீதம் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள், மற்றதில் 14 சதவீதம். மொத்தம் 56 பேர்தான் என்பதால் இதை வைத்து ஆன்லைன் பயிற்சி பலிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அளந்த விதம்தான் எனக்குப் பிடித்தது.

பள்ளியில் நாற்காலி நாடகம் எல்லாம் வேண்டாம். எந்த ஆசிரியரின் வகுப்பிலிருந்து வாரத்துக்கு எத்தனை பேர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள், எத்தனை பேர் முதல்வர் அறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று குறித்துவைத்தாலே போதும். குறிப்பவருக்கு யார் எந்த அணி என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பியூனோ ஆயாவோ செய்யலாம், வராந்தாவில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பாதியில் நின்றுபோகிறவர்கள். மனநலச் செயலிகளைப் பற்றிய 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பாதிச் செயலிகளை நிறுவிய 15ஆம் நாள் திறந்தவர்கள் 3.9 சதவீதமோ அதற்கும் குறைவோதான். உங்கள் அணியிலும் கடைசிவரை நின்ற 9 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்தக் கோர்ஸும் அற்புதமாகத்தான் தெரியும். முதல் நாள் சீட்டில் வந்த 20 பேரிடமும், ஒரு வீடியோகூடப் பார்க்காதவரிடமும், கடைசிக் கேள்வித்தாளை வாங்குங்கள். ஆன்லைன் மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சிகள் பற்றிய 15 ஆய்வுகளின் தொகுப்பு 2016இல் வந்தது. மன அழுத்தம் ஓரளவு குறைந்தது, வழிகாட்ட ஆள் இருந்த கோர்ஸ்களில் இன்னும் நன்றாகவே குறைந்தது. அதனால் வெறும் வீடியோ மூட்டையை வாங்காதீர்கள். வாரம் ஒரு முறை பேசவும் சந்தேகம் தீர்க்கவும் ஆள் உண்டா என்று கேளுங்கள்.

கேள்வித்தாளில் பெயர் வேண்டாம். அம்மா பெயரின் முதல் எழுத்தும் தன் போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் சேர்ந்த குறியீடு போதும். மதிப்பெண் அப்ரைசலுக்குப் போகாது என்று தாளாளரே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாளாளருக்குப் பிடித்த பதில்தான் வரும். சேர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் இந்தக் கோர்ஸ் அவருக்கு மருந்தல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

இவ்வளவும் செய்தாலும் 40 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அணிக்கு 20 பேர் என்றால் மிகப் பெரிய மாற்றம் மட்டுமே கண்ணில் படும். நடுத்தர அளவிலான பலனைப் பிடிக்க அணிக்கு 60 பேருக்கு மேல் வேண்டும். உங்கள் நிர்வாகத்திடம் இன்னும் இரண்டு பள்ளிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகத்தான் செய்வீர்கள் என்றால், அடுத்த ஆண்டும் பணம் கட்டலாமா என்று முடிவெடுக்க உதவும் அளவுக்கு ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் அணி முடித்துவிடும். தொடங்குமுன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எதை முக்கிய அளவாக எடுக்கப்போகிறோம், எவ்வளவு மாறினால் கோர்ஸ் பலித்தது என்று ஒப்புக்கொள்வோம். நீங்களும் தாளாளரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் ஃபைலில் வைத்துவிடுங்கள். கோர்ஸ் நடத்துபவர்களுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.